உடையவன் கையில்

எஸ்கலினுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு அப்பா வயது. பெயர் கஸ்பார்.

எஸ்கலின் கடற்கரையில் வள்ளங்களின் இஞ்சின்களைப் பழுது பார்ப்பவள். நாலு கம்பு, மேலே ஓலை, ஒரு டிரம் நல்ல தண்ணீர், ஒரு சாமான் பெட்டி. அவ்வளவுதான் பட்டறை. ஊர் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டது. அவள் மூக்கு ஒழுக நின்ற வயதில் தூக்கி வைத்திருந்த கஸ்பாரும் இப்போது அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சிலர் சிரித்தார்கள். கஸ்பார் வளைந்தார். முட்டி மட்டும் வளையவில்லை. அதற்கு ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஏன் வந்தார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் கஸ்பாரும் அவர் மகனும் சாளை மீனுக்கு வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். வள்ளம் மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற வலை மகன் ரெமியின் காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்தது. கஸ்பார் வள்ளத்தை நிறுத்த கியர் லிவரை இழுத்தார். லிவர் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். இஞ்சினையே அணைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது. பிறகு வலையை இழுத்துப் பார்த்தார்கள். அவன் கத்தியால் அறுத்த கண்ணிகள் வந்தன. ரெமி வரவில்லை. கடல் அவனைக் கரைக்குத் தரவே இல்லை.

"லிவர் ரொம்ப இறுகுதுப்பா. மேஸ்திரிட்ட காட்டிருவோம்" என்று அவன் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

"மீன்பாடு நல்லா இருக்குலே. ஞாயித்துக்கெழம காட்டலாம்" என்று அப்பாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கடலுக்குப் போகாத நாள் அது ஒன்றுதானே. அந்த வாரம் ஞாயிறு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

எஸ்கலினிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் கெட்டுப்போன சாமானைத் துடைத்து, இஞ்சினுக்கு உடையவன் கையில் வைப்பாள். தேய்ந்த வாஷராக இருக்கும், முறிந்த ஸ்பிரிங்காக இருக்கும். வேறு யார் கேட்டாலும் தரமாட்டாள். அண்ணனோ தம்பியோ இஞ்சினை எடுக்க வந்தால் இஞ்சினை மட்டும் கொடுத்து அனுப்புவாள். கெட்ட சாமான் உடையவன் வரும்வரை ஆணியில் தொங்கும்.

வந்த புதிதில் கஸ்பார் கேட்டார்.

"இது என்ன சடங்கு மேஸ்திரி?"

"எது கெட்டுப்போச்சுன்னு உடையவங்க கண்ணால பாக்கணும் மாமா. பாக்கலன்னா வேற எதையாவது நெனச்சுக்கிட்டே கெடப்பாவ."

கஸ்பார் ஆணியில் தொங்கிய ஒரு ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்னொரு நாள் ஒரு இஞ்சினைச் சோதிக்க லிவரை அழுத்தினார். கியர் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது.

"பலத்துக்கு விழாது மாமா."

"பின்ன?"

"இஞ்சின் ஓடாம கெடக்கையில பல்லும் பல்லும் நேரா வராது. கீழ இருக்க விசிறியக் கையால கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினார். 'டொக்' என்று கியர் விழுந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கஸ்பார் எழுந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்கலின் அவரைக் கூப்பிடவில்லை. அந்த இஞ்சினை அவளே முடித்தாள்.

லிவர் இறுகிய இஞ்சினோடு யாராவது வந்தால் கஸ்பார் வாங்கு வாங்கென்று வாங்குவார். "நேத்தே கொண்டாந்தா ஒன் தல போயிருமோ? மீனு எங்கயும் ஓடிராதுலே!" பெரிய ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அவர் யாரைத் திட்டுகிறார் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அன்றைக்கு ஓடிய அந்த இஞ்சின் மட்டும் கஸ்பார் வீட்டு மூலையில், சாக்கு போர்த்திக் கிடந்தது. அதை அவர் கொண்டு வரவில்லை. எஸ்கலினும் கேட்கவில்லை.

ஒரு காலையில் கஸ்பார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்கை விலக்கினார். இஞ்சின் மூடியில் சிவப்புப் பெயிண்டில் 'ரெமி' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. வாங்கிய அன்று அவனே எழுதியது. முதன்முதலாகத் தனக்கென்று வாங்கிய பொருள் என்று ஊர் முழுக்கக் காட்டினான்.

"மருமவன் கேக்கான்" என்றார் கஸ்பார். "புதுசு வாங்க அவனுக்கு வக்கில்ல. ரெமி இஞ்சினு சும்மாதான கெடக்குன்னு கேக்கான். கியர் இறுகுனத எப்படிக் குடுப்பேன்? எம்மவ இருக்காள்லா அவனுக்கு."

"சரி மாமா. தொறங்க."

"நான் தொறக்க மாட்டேன். நீ தொற. உள்ள என்ன கெடந்துச்சோ அத எங்கையில வையி."

"வேண்டாம் மாமா. சரி பண்ணி மட்டும் தாரேன்."

"அதுக்குத்தான பிள்ளே ஒரு வருசமா ஒம் பெட்டியில உக்காந்திருக்கேன்."

எஸ்கலின் மூடியைக் கழற்றி, எழுத்து மேலே தெரியும்படி மணலில் வைத்தாள். லிவரை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். போல்டைக் கழற்றி, லிவரை மெல்ல ஆட்டி ஆட்டி உருவினாள். வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

"உப்புதானா?" என்றார் கஸ்பார்.

அவள் ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உப்புக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். வலை நூல்.

லிவரையும் உள்ளே போகும் கம்பியையும் சேர்க்கும் இடத்தில் இரண்டையும் கழலாமல் பூட்டும் ஒரு சின்ன காட்டர் பின் உண்டு. அது எங்கேயோ விழுந்து தொலைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக வலை நூலால் கட்டியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு எது அறுந்தாலும் வலை நூல்தான். செருப்பு வாரும் அதுதான், மூக்குக்கண்ணாடிக் காம்பும் அதுதான். கட்டினால் நிற்கவும் செய்யும். இங்கேயும் நின்றது. நூலின் வால் மட்டும் லிவரின் தண்டுக்குள் இழுபட்டு, ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் ஒரு சுற்று சுற்றி, உப்போடு சேர்ந்து கல்லாகிவிட்டது.

எஸ்கலின் கையை மூடினாள். கஸ்பார் பார்த்துவிட்டார்.

"நூலா?"

"ஆமா மாமா."

"முடிச்சு இருக்கா?"

"இருக்கு."

"காட்டு."

காட்டினாள். தட்டையான முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடியில் செருகியிருந்தது. கஸ்பார் அப்படித்தான் முடிச்சுப் போடுவார். ரெமியும் அப்படித்தான் போடுவான். சொல்லிக்கொடுத்தது அவர்தானே.

"இது நான் போட்டதா, அவன் போட்டதா?"

"ஒங்களுக்கு நெனவில்லையா மாமா?"

"இல்லையே பிள்ளே. கடல்ல ஒரு நாளைக்கு எத்தன முடிச்சு! எது ஞாபகம் இருக்கும்? நான் போட்டிருந்தா நான்தான் அவனக் கொன்னேன். அவன் போட்டிருந்தா..." முடிச்சையே பார்த்தார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமன்னு நான் சொல்லப்போயிதான அவனே கட்டிப் பாத்திருக்கான்."

மகன் போன அன்றும் ஊர் முன்னால் அழாதவர் அவர். இப்போது மீன்பெட்டியில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கேட்கச் சகிக்கவில்லை. எஸ்கலின் நூலை முந்தானையில் முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள். துளையைத் துடைத்தாள். கிரீஸ் வைத்தாள். புது காட்டர் பின் போட்டு முனையை வளைத்தாள். லிவரைப் பூட்டினாள்.

"மாமா, விசிறியத் திருப்புங்க."

அவர் அசையவில்லை.

"நான் ஒருத்தியா ரெண்டு பக்கமும் நிக்க முடியுமா? வாங்க."

வந்தார். குனிந்து விசிறியைத் திருப்பினார். எஸ்கலின் ஒற்றை விரலால் லிவரைத் தள்ளினாள். 'டொக்'. இழுத்தாள். 'டொக்'. மறுபடியும் தள்ளினாள். ஒரு பிள்ளைகூடப் போடலாம், அவ்வளவு லேசாக இருந்தது.

"இவ்வளவு லேசாவா" என்றார் கஸ்பார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.  வளையாத முட்டியை மடக்கி மண்டியிட்டு, அந்த மூடியை எடுத்து, துடைத்து, மெல்ல இஞ்சின்மேல் வைத்தார். சிவப்பு எழுத்துகளின்மேல் அவர் கை கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு எழுந்தார். இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினார்.

"வை."

"மாமா..."

"வழக்கம்னா எல்லாத்துக்கும் வழக்கம். கெட்டத எங்கையில வையி. சாவுற வரைக்கும் நான் வச்சுக்கிடுதேன்."

எஸ்கலின் நீட்டிய கையைப் பார்த்தாள். மூடியில் இருந்த பெயரைப் பார்த்தாள். முந்தானையை அவிழ்த்து நூலை எடுத்து, ஒரு துணியால் நன்றாகத் துடைத்தாள். யாருக்குத் தருவதானாலும் துடைப்பது போலத்தான் துடைத்தாள்.

பிறகு அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தாள். கரையேற்றியிருந்த வள்ளங்களின் நடுவே நடந்தாள். சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்றாள். ஒரு அலை வந்து போனது. குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளே வைத்தே விரித்தாள்.

திரும்பி வரும்வரை கஸ்பார் கையை மடக்கவில்லை.

"என்ன பிள்ளே பண்ணிட்ட? எங்கையிலல்லா வைக்கச் சொன்னேன்."

எஸ்கலின் ஈரச் சேலையைப் பிழிந்தாள்.

"உடையவன் கையில குடுத்துட்டேன் மாமா."