ஒரு கரண்டி துத்தநாக உப்பு

“அம்மா, செஞ்ச தப்பைச் சொல்ல நல்ல நேரம் எது?” என்று கேட்டார் மாசிலாமணி.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. மடத்துக் காய்கறித் தோட்டம் அவர் பொறுப்பு. குரு சிவகாமி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன தப்பு, ஐயா?”

“கீழத்தெரு வெள்ளைத்தாய் வெண்டை விதை கொண்டுவந்தாங்க. துத்தநாக உப்புத் தண்ணியில ஊறவச்சு, நிழல்ல உலர்த்திக் கொடுத்தேன்.”

“எல்லாருக்கும் செஞ்சு கொடுக்கறதுதானே? சீக்கிரம் முளைக்கும்.”

“ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை போடணும். நான் ஒரு கரண்டி போட்டேன்.”

“கை தவறியா?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

“இல்லம்மா. சிட்டிகைக்கே இப்படின்னா, கரண்டிக்கு எப்படி இருக்கும்னு நினைச்சேன். மாசிலாமணி கை தனின்னு ஊர் சொல்லணும்னு நினைச்சேன்.”

“முளைச்சுதா?”

“ஒண்ணுகூட இல்ல. வந்து கேட்டாங்க. உங்க கிணத்துத் தண்ணி உப்புன்னு சொல்லிட்டேன்.”

“உப்பா?”

“இளநீர் மாதிரி இருக்கும்.”

“அப்புறம்?” என்றார் குரு.

“வீட்டுல மிச்சம் இருந்த விதையை ஊறவைக்காமலே ஊனி, குளத்துத் தண்ணி சுமந்து ஊத்தியிருக்காங்க. எல்லாம் முளைச்சிருச்சு.”

அன்று காலைதான் வெள்ளைத்தாய் வந்திருந்தார், இடுப்பில் குடத்தோடு.

“ஐயா சொன்னது நூத்துக்கு நூறு! இன்னிக்குக் கிணத்துமேட்டுல நின்னு கிணத்தையே திட்டித் தீர்த்துட்டேன். ‘இருபது வருசமா என்னை ஏமாத்திட்டியேடி, மூதேவி’ன்னு. இனிமே குளத்துத் தண்ணிதான். அரை மைல் என்ன பெரிய தூரம்? கொழுந்தன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், அவ கிணறும் பக்கத்துலதானே!”

சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கி வைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“நீங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார், இதையும் மாசிலாமணி சொல்லக் கேட்ட குரு.

“நானும் திருப்பிக் கும்பிட்டேன்மா.”

“ஒரு நாளைக்கு எத்தனை குடம் சுமக்கிறாங்க?”

“பதினாறு.”

“ம்.”

“சொல்லிடுவேன்மா. கண்டிப்பாச் சொல்லிடுவேன். இந்தக் காய்ப்பு முடியட்டும். பக்கத்துல ஆள் இல்லாத நேரமாப் பார்த்து, பக்குவமா...”

“நேரம் பாருங்க,” என்றார் குரு.

எழுந்து போய், மூலையில் இருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“குளத்துக்கு. நீங்க நேரம் பார்த்து முடிக்கிற வரைக்கும், எட்டுக் குடம் அவங்க, எட்டுக் குடம் நான்.”