கைப்பிடி அரிசி

மகளைப் பார்க்கத்தான் கிராமத்துச் சபையின் உபதேசியார் மாசிலாமணி பட்டணத்துக்கு வந்தார். அவள் தெருமுனை வரை போனார். வாசலை மிதிக்காமல் திரும்பிவிட்டார். கோயிலில் மோதிரம் மாற்றாமல் ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறவள் வீட்டில் எப்படித் தண்ணீர் குடிப்பது?

பகல் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தார். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோறு ஊசிப்போயிருந்தது. எத்தனையோ பேர் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒரு முகமும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பொழுது சாய்ந்ததும் தன் குருவைத் தேடிப் போனார். போதகர் ஏசுவடியான், தெருக் கூட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு தரையில் உட்கார்ந்தவர். அதற்காகச் சபைப் பெரியவர்கள் அவரது அங்கியைக் கழற்றவைத்தார்கள். பெரியவர்கள் பங்களாவிலேயே இருந்தார்கள். இவர் மாசிலாமணியின் மகள் இருக்கும் குப்பத்தில், தகரக்கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"வாடே. மகளைப் பாத்தியா?"

"இல்ல ஐயா. ராத்திரி ரயிலுக்கே திரும்புறேன்."

"ஏன்?"

"இந்தக் குப்பத்துச் சாராயக்கடை வாசல்ல பட்டப்பகல்ல ஒருத்தன் விழுந்து கிடக்கான். கோயில் மதில் ஓரத்துல நின்னு ஒருத்தி என்னையே கூப்பிடுறா, இந்த நரைச்ச தலையை. ஆண்டவர் இந்தப் பட்டணத்தை ஏன் இன்னும் விட்டுவச்சிருக்கார்?"

"சாப்பிட்டியா?"

"இந்த ஊர்ல பாவி வீட்டுச் சோத்தைத் தொடமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணியிருக்கேன்."

"பட்டினி கிடந்தா பிரசங்கம் நல்லாத்தான் வரும்" என்றார் போதகர். "இது ஜெபவீட்டுச் சோறு. கைப்பிடி அரிசி. இதைத் தின்னலாமா?"

உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். மாசிலாமணிக்குத் தெரியாத வழக்கமா?

"அது கர்த்தருடையது. தின்னலாம்."

போதகர் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார். மாசிலாமணி கண்ணை மூடி ஜெபித்துவிட்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பாதித் தட்டு காலியான பிறகுதான் நாக்குக்கு ருசி தெரிந்தது.

"என்னய்யா இது? பாதி குழைஞ்சுபோச்சு, பாதி நறுக்குன்னு கிடக்கு."

"புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, எல்லாம் ஒரே பானையில. ஒரே கொதியில எப்படி வேகும்?"

"யார் யார் வீட்டு அரிசி?"

"கடை வாசல்ல விழுந்து கிடந்தானே, அவன் பெண்டாட்டி போட்டது இருக்கு. மதில் ஓரத்துல நின்னு கூப்பிட்டாளே, அவ போட்டதும் இருக்கு." போதகர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "உன் மகளும் வாரம் தப்பாம கொண்டுவருவா. உள்ள வான்னா வரமாட்டா. வாசல்ல நின்னே பாத்திரத்தை நீட்டுவா. நான்தான் எழுந்து போய் வாங்கிக்கிடுவேன்."

மாசிலாமணியின் கை வாய்க்கருகில் நின்றது.

"பொருத்தனை கெட்டுப்போச்சே, ஐயா."

போதகர் ஒரு காலித் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். விளக்கையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"ஏன் கெடணும்? உன் மக போட்ட அரிசி எதுன்னு பாத்துப் பொறுக்கி இதுல வச்சிரு. மிச்சத்தைத் தின்னுட்டு ரயிலுக்குப் போ."