நண்டைத் தேய்த்தவர் யார்?

ஜப்பானில் தனிமுரா பிரபுவிடம் தந்தத்தில் செதுக்கிய நெல்லிக்காய் அளவு நண்டு ஒன்று இருந்தது. மூன்று தலைமுறையாக இடுப்புக் கச்சையில் தொங்கிய பரம்பரைச் சொத்து. ஒருநாள் அதன் அடிப்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருப்பதைக் கண்டார்.

“ஓசென்! துடைத்துத் துடைத்தே கால்களை அழித்துவிட்டாயே! இன்றோடு உனக்கு இங்கே வேலையில்லை!” என்று பணிப்பெண்மீது பாய்ந்தார்.

“தேய்த்தவரைக் காட்டுகிறேன், எஜமானே. அதைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்.”

கட்டினார். வழுவழுப்பான பக்கம் அவருடைய தொப்பையோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

“என் துணி தேய்த்திருந்தால் நண்டின் முதுகும் தேய்ந்திருக்குமே! உங்கள் தாத்தா வயிறு, அப்பா வயிறு, இப்போது உங்கள் வயிறு. இதில் யாரை வேலையைவிட்டு அனுப்பலாம்?”

வாசலில் நின்ற காவலர்கள் சிரித்துவிட்டார்கள். பிரபு மட்டும் அந்த வழுவழுப்பை விரலால் வருடினார்.

“அப்பாவின் உடல் பட்ட இடம் இது என்று இன்றுதான் தெரிந்தது. நன்றி, ஓசென்” என்று தொப்பை இடம்கொடுத்த மட்டும் குனிந்து வணங்கினார்.