ஆவுடையப்பன் வெட்டின குழி

ஒரு ஊர்ல, பேரைச் சொன்னா அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதனால பேரு வேண்டாம், பிச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். அவளுக்கு மிச்சம் ஒரு ஓட்டு வீடும் ஒரு கிணறும்தான். ஆனா கிணறுன்னா அதான் கிணறு! தெருவே அந்தத் தண்ணியிலதான் சோறு பொங்கும், பருப்பு வெண்ணெயா வேகும்.

ஒருநாள் காலையில வாளியோட வெளிய வந்து பாக்குறா, ஐயையோ! சுவருக்கு அந்தப் பக்கம், கிணத்துலேருந்து நாலே எட்டுல, குழி வெட்டுற கூலிக்காரன் சங்கிலி கடப்பாரை போட்டுத் தோண்டிக்கிட்டு நிக்கிறான். பக்கத்து மனையில ஆவுடையப்பன் மச்சு வீடு கட்டுறாரு இல்ல, அதுக்குச் செப்டிக் டேங்க்காம். பிச்சம்மா வாளியைப் போட்டுட்டு நேரா ஆவுடையப்பன்கிட்ட ஓடினா.

"அண்ணாச்சி, இது அடுக்குமா? குடிக்கிற கிணத்துப் பக்கத்துலயா கக்கூஸ் குழி வெட்டுவாங்க? தெக்கால அவ்வளவு இடம் கெடக்கே!"

"நான் என்னம்மா பண்ணட்டும்? வாஸ்துப்படி குழி வாயு மூலையில வரணும், கிணறு ஈசான மூலையில வரணும். என் கிணத்தை அங்க வெட்டிட்டேன். உன் கிணறு என் வாயு மூலைக்கிட்ட வந்து உட்கார்ந்தா, அதுக்கு நானா பொறுப்பு?"

"சரி, அடியையாவது சிமெண்டு போட்டுப் பூசுங்க அண்ணாச்சி."

"பூசினா ரொம்பும், ரொம்பினா கழிவு அள்ளுற வண்டியைக் கூப்பிடணும். பூசாம விட்டா எல்லாத்தையும் பூமியே குடிச்சிரும்."

கேட்டீங்களா பேச்சை? பூமி குடிச்சதை அப்புறம் யாரு குடிக்கிறதாம்?

சங்கிலியை ஊரே மண்டூகம்னு சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும், மண்ணு அவனுக்குத் தெரியும். ஆறடியில கடப்பாரை டங்குன்னுச்சு. "மொதலாளி, அடியில பாறை சாஞ்சு..."ன்னான். "தோண்டுடா"ன்னாரு. எட்டடியில, "மொதலாளி, பாறை சாஞ்சு..."ன்னான். "தோண்டுடா"ன்னாரு. பத்தடியில, "மொதலாளி, அந்தப் பாறை..."ன்னான். "உன்கிட்ட நான் யோசனையா கேட்டேன்? தோண்டத்தான் கூப்பிட்டேன், தோண்டுடா!" சரின்னு தோண்டினான், உறையும் இறக்கிட்டான்.

பிச்சம்மா விடுவாளா? ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டா. "இந்தக் குழியில மூணு அண்டா ஆரத்தித் தண்ணி ஊத்துறேன். என் கிணத்துல செவப்பு தெரிஞ்சா அண்ணாச்சி குழியை மூடணும்."

"தெரியலைன்னா?"ன்னாரு ஆவுடையப்பன்.

"தெரியலைன்னா இனிமே இந்தக் குழியைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்."

கற்பூரம் அணைச்சுச் சத்தியம் ஆச்சு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைச்சு, ரத்தச் செவப்பா மூணு அண்டா ஊத்தினா. மத்தியானம் வாளி விட்டா, தண்ணி பளிங்கு. சாயங்காலம் விட்டா, அப்பவும் பளிங்கு. மறுநாள் விடிஞ்சா ஆவுடையப்பன் வீட்டுப் பால்காய்ப்பு, ஊரே திரண்டு நிக்குது. எல்லார் முன்னாடியும் விட்டா, அப்பவும் பளிங்குதான்!

பிச்சம்மா அப்படியே கிணத்தடியில உட்கார்ந்துட்டா. 'இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு மழையில வராதா? என் வாயை நானே கட்டிக்கிட்டேனே, பாவி!'ன்னு உள்ளுக்குள்ள அழுதா.

ஆவுடையப்பன் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டி, காப்பி டம்ளரைத் தூக்கிக் காட்டி, "பார்த்தீங்களா? இனி இந்தப் பொம்பளை மூச்சு விடக்கூடாது!"ன்னு சிரிச்சாரு.

அப்பத்தான் ஈசான மூலையிலேருந்து ஒரு அலறல்.

"ஐயோ, ரத்தம்! கிணத்துல ரத்தம்!"

அவரு பொண்டாட்டி தெய்வானைதான். சாம்பாருக்குத் தண்ணி இறைச்சவ வாளியைப் போட்டுட்டுக் கிணத்தைக் கைகாட்டுறா. எல்லாரும் விழுந்தடிச்சு ஓடினாங்க. எட்டிப் பார்த்தா, ஆத்தாடி, கிணறு பூரா செக்கச்செவேல்! "செய்வினை! எவனோ செய்வினை வச்சுட்டான்!"னு கத்தினாரு ஆவுடையப்பன்.

"செய்வினையும் இல்ல, பேயும் இல்ல மொதலாளி"ன்னான் சங்கிலி. "இதைத்தான் மூணு தடவை சொல்ல வந்தேன். பாறை உங்க கிணத்துப் பக்கமாத்தான் சாஞ்சு கெடக்கு, குழியில ஊத்தினது அப்படியே அங்க வழியும். இன்னிக்கு வந்தது மஞ்சளும் சுண்ணாம்பும். குடிவந்த பிறகு என்ன வரும்னு நான் வேற சொல்லணுமா?"

ஆவுடையப்பனுக்கு முகம் வெளிறிப் போச்சு. மெதுவாப் பொண்டாட்டி பக்கம் திரும்பி, "ஏ தெய்வானை... காலையில காப்பி எந்தத் தண்ணியில போட்ட?"ன்னாரு.

"இதுலதாங்க. விடியுமுன்ன இருட்டுல நிறம் எங்க தெரிஞ்சுது?"

அவ்வளவுதான். பந்தல்ல இருந்த அத்தனை டம்ளரும் கீழ இறங்கிருச்சு. ஆவுடையப்பன் சுவரோரமா ஓடி, குடிச்சதை எல்லாம் குமட்டிக் குமட்டி எடுத்தாரு. எடுத்து முடிச்சு, "மூடுடா சங்கிலி, குழியை மூடுடா!"ன்னாரு.

"தோண்டத்தானே கூப்பிட்டீங்க மொதலாளி?"ன்னுட்டு மண்வெட்டியை அவரு கையில கொடுத்துட்டான் அந்த மண்டூகம்.

பட்டு வேட்டியோட அவரே மண்ணை அள்ளி அள்ளி மூடினாரு. தெக்கால வேற குழி வெட்டி, அடியையும் பூசினாரு. அவரு கிணறு தெளியுற வரைக்கும், விடிஞ்சா இடுப்புல குடத்தோட பிச்சம்மா கிணத்தடியில வரிசையில நின்னாரு. அவ குத்திக் காட்டுவாள்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே நின்னாரு. ஆனா அவ சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவ. ஒரு வார்த்தை பேசல. தளும்பத் தளும்பக் குடத்தை ரொப்பிக் கொடுத்தா. அதுதான் அவருக்குச் சுருக்குன்னு தைச்சுது.

கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க? கிணறும் தெளிஞ்சுது, கதையும் முடிஞ்சுது, போய் ஆளுக்கொரு வாய் தண்ணி குடிங்க.