நில் என்ற சேதி

ஒரு சமயம் தூத்துக்குடியில், மாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனியில் அவரை விதை முளைவிட்டது. மண் நிரப்பிய சிமெண்டுப் பையில் அதை ஊன்றியவள் ஜெசிந்தா. வேர் கீழே இறங்கத் தொடங்கிய நேரம், கடற்காற்றில் பை சரிந்து படுத்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

வேரும் படுத்துவிட்டது. எதிரே பையின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. இப்படியே நேராக நீண்டால் கிழிசல் வழியே வெளியே போய் வெயிலில் கருக வேண்டியதுதான்.

அந்த வேரின் நுனியில் ஒரு தாய்ச்செல் இரண்டாகப் பிரிந்தாள். பிறந்த இரட்டையரில் மேல்பக்கம் ஒதுங்கியவள் மேலவள், கீழ்ப்பக்கம் ஒதுங்கியவள் கீழவள். சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வந்து, பிரிந்து பெருகியது போதும், இனி நீண்டு வளருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்து, தண்டிலிருந்து ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் இறங்கி வந்தார். தண்டில் அவர் கால் வைத்த இடமெல்லாம் வளரும் என்று வேர் முழுக்கப் பேச்சு. நுனியில் தொப்பிபோல் உட்கார்ந்திருந்த வேர்மூடிக்கு மட்டும்தான் எது கீழ்த்திசை என்று தெரியும். அது ஆக்சினைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட்டது.

கீழவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர்களுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும் என்று மேலவளின் காதில் விழும்படி சொன்னாள்.

ஆக்சின் அவள் அருகில் வந்து ஒரே சொல் சொன்னார்.

"நில்."

தண்டில் வளரச் சொல்பவர், வேரில் நிற்கச் சொல்கிறார். கீழவள் அப்படியே நின்றுபோனாள். யாரும் எட்டிப் பார்க்காத மேலவள் தண்ணீர் குடித்து நீண்டுகொண்டே போனாள். மேலே நீளம், கீழே குட்டை. வேர் மெல்லக் கீழ்நோக்கி வளைந்து, கீழ் மண்ணில் தேங்கியிருந்த ஈரத்தைத் தொட்டது.

செல்கள் எல்லாம் மேலவளைக் கொண்டாடின. உழைக்கிறவர்கள்தான் வளர முடியும் என்று அவளும் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னாள். பால்கனியில் ஜெசிந்தா, சரிந்த பையிலிருந்து நிமிர்ந்த செடியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினாள். "என் கைராசி அப்படி. எதை ஊனுனாலும் வந்துரும்."

கீழவள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆக்சினிடம் கேட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒரு தப்பும் இல்லம்மா. நீயும் அவளோட சேர்ந்து வளர்ந்திருந்தா, வேர் நேரா வெயிலுக்குத்தான் போயிருக்கும். நீ நின்னதாலதான் வளைஞ்சுது."

"இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஆக்சின் தயங்கினார். "நான் அவ பக்கம் போனா அவளும் நின்னுருவாளே."



"பரவாயில்லை, நின்னா நிக்கட்டும்," என்றாள் கீழவள். "போய்ச் சொல்லிட்டே வாங்க."