கடைசி ஸ்லாட்

"எனக்கு மட்டும் ஏம்மா கடைசி நாற்காலி?"

கேட்டவர் சிற்றம்பலம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வயது அறுபத்து நான்கு. கருவிப் பையை மூடிக் கையில் எடுத்தாயிற்று. பதில் சரியில்லையென்றால் இந்தப் பட்டறைக்கு இன்றோடு ஒரு முழுக்கு.

குரு மரகதவல்லிக்கு முப்பத்தாறு வயது. செத்த கணினிகளை எழுப்பி உட்காரவைப்பதில் அவளை விஞ்ச ஆளில்லை. வாயிலும்தான்.

"உட்காருங்க சார். பிளசி, அந்த ஸ்க்ரூவைத் தொலைச்சிடாதே! என்ன கேட்டீங்க?"

"நாலு மாசமா வர்றேன். போன வாரம் வந்த பிளசி உங்க பக்கத்துல. நான் கழிப்பறைச் சுவரோரம். எங்க ஊர்க் கோயில்ல முதல் பரிவட்டம் எங்க குடும்பத்துக்குத்தான், தெரியுமா?"

"தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்றீங்களே."

பிளசி சிரிப்பை இருமலாக்கினாள்.

குரு மேசைக்கடியிலிருந்து ஒரு கணினியை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். இருபத்தைந்து ஆண்டுப் பழசு. சென்ற வாரம் சிற்றம்பலமே கோத்து முடித்த பெட்டி.

"பாட்டுப் போடுங்க."

போட்டார். வயலின் இழைந்தது.

"இப்போ திரையில ஒரு படத்தைத் திறந்து நகர்த்துங்க."

நகர்த்தினார். வயலினுக்கு விக்கல் எடுத்தது. கையை எடுத்தார், விக்கல் நின்றது.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சவுண்டு கார்டு சரியில்லை போல."

"தங்கமான கார்டு. எங்கே சொருகினீங்க?"

"முதல் ஸ்லாட்ல. இருக்கிறதுலயே உசத்தி அதுதானே? உசத்திக்கு முதல் இடம்."

"பரிவட்டம் கட்டிட்டீங்க. பக்கத்துல யாரு?"

"படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு."

"இந்த போர்டுல அந்த ரெண்டு இடத்துக்கும் ப்ராசஸரைக் கூப்பிட ஒரே மணிக்கயிறு. அவன் விடாம ஆட்டிட்டே இருக்கான். இவன் எப்போ ஆட்டுறது? பிளசி! ஈயம் வைக்கச் சொன்னா இட்லி ஊத்துறே! நீங்க கார்டைக் கழட்டிக் கடைசி ஸ்லாட்ல போடுங்க சார். அங்கே தனிக் கயிறு."

மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கடைசி ஸ்லாட்டா? போயும் போயும் இதையா அங்கே..."

குரு கடைசி ஸ்லாட்டை விரலால் தட்டிக் காட்டினாள்.

சொருகினார். தனக்குள் இடம் மாறி வந்திருக்கும் விருந்தாளியைக் கணினி மறுபடி அடையாளம் கண்டுகொள்ளும் வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு வயலின். படத்தை நகர்த்தினார். வேகமாக நகர்த்தினார். எலி போல அங்குமிங்கும் ஓடவிட்டார்.

வயலின் ஓரிடத்தில்கூடப் பிசிறவில்லை. சிற்றம்பலம் கண்களை மூடிக்கொண்டார்.

"முந்தாநாள் ஒரு ஹார்ட் டிஸ்க் சாகப்போகுதுன்னு சொன்னது யாரு சார்?" என்றாள் குரு.

"நான்தான். உள்ளுக்குள்ள கிட் கிட்னு ஒரு சத்தம். ரொம்ப மெல்லிசா."

"டிஸ்க் என் மேசையில, நீங்க சுவரோரம். அன்னைக்கு என் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தியே பிளசி, உனக்குக் கேட்டுதா?"

பிளசி யோசித்தாள். பொய் சொல்ல வராத பெண்.

"எனக்கு உங்க குரல்தான் கேட்டுதுக்கா."



குரு எழுந்தாள். தன் பக்கத்து நாற்காலியை முந்தானையால் துடைத்து, அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"உங்களுக்குத்தான் சார். நிஜமாத்தான் சொல்றேன். இன்னைலேர்ந்து இங்கேயே உட்காருங்க. பிளசி, நீ எழுந்து அந்தச் சுவரோரம் போ. அந்த ஒயரைச் சுருட்டு. சுருட்டச் சொன்னா ஏன் முடிச்சுப் போடுறே? சார், உங்க கண்ணாடியை மாத்தணும், எத்தனை தடவை..."

சிற்றம்பலம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று சுவரோரம் நடந்தார். பிளசி வருவதற்குள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"கொஞ்சம் மெல்லப் பேசுங்கம்மா," என்றார். "இங்கே வேலை நடக்குது."