முகிலடி மடத்துப் பென்டிரைவ்

முகிலடி மடத்தில் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மௌனம். மடத்தைச் சேர்ந்த யாரும் பேசக்கூடாது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழவும் கூடாது. போன் அடித்தால் அடித்து ஓய வேண்டியதுதான்.

மடத்து வாசகசாலையில் ஊராருக்காக ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆறிலும் லினக்ஸ். மாலையில் அணைக்கும்போது அன்று எழுதியதெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். அவரவர் வேலையை அவரவர் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும்.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம். முப்பது வருடம் சார்பதிவாளராக இருந்து, ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர். அவருடைய குரு நாச்சியம்மை அவரைவிட இருபது வயது சின்னவர். காவி உடுத்துமுன் பெரிய சர்வர் அறை ஒன்றைக் கட்டி மேய்த்தவர்.

பென்டிரைவைச் சொருகியதும் மெஷின் தானாகவே ஏற்றுக்கொள்ளும்படி தணிகாசலம் செய்து வைத்திருந்தார். எடுக்கும்போதுதான் சிக்கல். பென்டிரைவை விடுவிக்க எஜெக்ட் கொடுத்தால் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கும். நிர்வாகி பெயரில் ஏற்றியதை நிர்வாகிதான் இறக்க வேண்டும் என்பது மெஷினின் நியாயம். ஆகவே எல்லாரும் "ஐயா" என்று கூப்பிடுவார்கள். அவர் வந்து, கண்ணாடியை மாட்டி, அடித்துக் கொடுப்பார். கையெழுத்துப் போட்டே பழகிய கை. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மேல்சோலையிலிருந்து மாதி என்கிற பெண் அங்கே வந்துகொண்டிருந்தாள். ஊர் ஊற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பதினோரு வருடமாக வாரம் தவறாமல் கோல் விட்டு அளந்து நோட்டில் எழுதி வைத்தவள். இப்போது ஊற்றுக்கு மேலே கல்குவாரி வரப்போகிறது. விசாரணைக்கு வரும் அதிகாரிகள் அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதமாக ஒற்றை விரலால் அடித்தாள்.

விசாரணை நாளன்று பன்னிரண்டு பத்துக்கு வேலை முடிந்தது. பன்னிரண்டரைக்குப் பஸ். எஜெக்ட் கொடுத்தாள், பாஸ்வேர்டு கேட்டது. பத்தடி தூரத்தில் தணிகாசலம் மௌனத்தில் இருந்தார். அவளைப் பார்த்தார். பொறு என்று கையைக் காட்டினார்.

அவள் பொறுத்தாள். சும்மா இருப்பானேன் என்று ஒரு தரம் பார்த்ததில் ஓர் எண் தப்பாகக் கிடந்தது. திருத்திச் சேமித்தாள்; சேமித்தால் மெஷின் பழையதை அழித்துவிட்டுக் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதும். அந்த நேரத்தில் பஸ் ஹார்ன் கேட்டது. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை வந்து நின்றாள்.

"ஐயா, இதுல ஃபைல் பேரு மட்டும் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. அத்தன பேரு முன்னால தொறந்தேன். வெள்ளையா இருந்துச்சு."

"அதிகாரி என்ன சொன்னார்?"

"அடுத்த வியாழக்கிழம ரெண்டு மணிக்குள்ள கொண்டா, இல்லாட்டி இது இல்லாமலே முடிச்சிருவோம்னாரு."

தணிகாசலம் குருவிடம் போனார்.

"அம்மா, எஜெக்ட் பண்ணாம எடுத்துட்டா. தப்பு அவ மேலயா, என் மேலயா?"

நாச்சியம்மை எழுந்து வாசகசாலைக்கு வந்தார். அவரை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்.

"மடத்து நூலுக்கு நீங்க எழுதிட்டிருக்கிற உரை எத்தனை பக்கம்?"

"முந்நூறு."

"இதுல ஏத்துங்க."

ஏற்றினார். திரையில் கோடு நிறைந்தது, முடிந்தது என்று வந்தது. அம்மை சட்டென்று பென்டிரைவை உருவி அடுத்த மெஷினில் சொருகினார். கோப்பின் பெயர் இருந்தது. திறந்தால் வெற்றுத்தாள்.

"முடிஞ்சுதுன்னு சொல்லிச்சே?"

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லிச்சு. பென்டிரைவுக்கு இன்னும் கொடுக்கல."

பென்டிரைவைப் பழைய இடத்தில் சொருகி, மறுபடி ஏற்றச் சொன்னார். இந்தத் தடவை பாஸ்வேர்டு அடித்து எஜெக்ட் கொடுக்க வைத்தார். பென்டிரைவின் முனையில் கடுகளவு விளக்கு ஒன்று துடிதுடித்தது. தணிகாசலம் அதை எத்தனையோ நாள் பார்த்தவர்தான். இதுவரை கவனித்ததில்லை.

"இப்ப என்ன பண்ணுது அம்மா?"

"கையில வாங்கி வச்சிருந்ததையெல்லாம் கொடுக்குது. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்காம."

"போறேன்னு சொன்னாத்தான் கொடுக்குமா?"

"சொன்னா உடனே கொடுக்கும். சொல்லலேன்னா அதுக்குத் தோணுறப்ப."

விளக்கு நின்றது. எடுக்கலாம் என்று திரையில் வந்தது. எடுத்துப் பார்த்தபோது முந்நூறு பக்கமும் இருந்தன. தணிகாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடம் அவர் கையில் பத்திரங்கள் வந்து போயிருக்கின்றன. இவ்வளவு சுத்தமாக எதையும் கொடுத்து அனுப்பியதாக அவருக்கு நினைவில்லை.

"உள்ளே வர யாரைக் கேக்கணும்?" என்றார் அம்மை.

"யாரையும் கேக்க வேணாம். நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்."

"போக?"

"என்னை" என்றார் தணிகாசலம்.

பிறகு தயங்கினார். "எல்லாருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டா மெஷினையே கவுத்துருவாங்களே அம்மா."

"பாஸ்வேர்டை யார் கேட்டா? அவங்க கேக்கிறது போறதுக்கு வழி."

யார் எதைச் செய்யலாம் என்று மெஷினுக்குச் சொல்லும் விதிக்கோப்பை அம்மை திறந்து ஏழு வரி எழுதினார். வெளியிலிருந்து சொருகியதை மட்டும் பாஸ்வேர்டு இல்லாமல் இறக்கலாம். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டும் இறக்கலாம். உள்ளே இருக்கும் டிஸ்கைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். அவ்வளவுதான்.

"ஏழே வரியா?" என்றார் தணிகாசலம். அவர் பாஸ்வேர்டு அடிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாதி நோட்டைப் பார்த்துப் படித்தாள், தணிகாசலம் பத்து விரலாலும் அடித்தார். கோடையில் ஊற்று முழங்கால் அளவு, மழைக்குப் பின் இடுப்பளவு, ஒரு வருடம் பாறை தெரிந்தது. அவர் அந்த ஊற்றை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான்காம் நாள், "இந்த ஆவணியில ஏன் இவ்வளவு குறைச்சல்?" என்று கவலையோடு கேட்டார். மாதி சிரித்துவிட்டாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு அடிக்கக் கடைசி வரி முடிந்தது. மௌனம் தொடங்கியது. அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மாதி மட்டும் மெஷின் முன்னால் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

பன்னிரண்டரைக்குப் பஸ் ஹார்ன் அடித்தது. அவள் சேமித்தாள். எஜெக்ட் கொடுத்தாள். மெஷின் எதுவும் கேட்கவில்லை.

விளக்கு துடித்தது. பதினோரு வருடத் தண்ணீர் அந்தக் கடுகளவு விளக்கின் வழியே போய்க்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கண் நிறைந்தது, துடைக்கக் கை எழவில்லை. இரண்டாவது ஹார்ன் கேட்டது. மாதி அசையவில்லை. விளக்கு நின்றது. அவள் பென்டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஒரு மணி அடித்ததும் அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, அவ போறப்ப என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"பாக்க வேண்டிய அவசியம் இருந்துதா?"

"இல்ல."

"அப்ப இன்னைக்குத்தான் நீங்க வேலை பாத்திருக்கீங்க."